ரிங்கிட் ஏறினாலும் இறங்கினாலும்

ரிங்கிட் விழுந்த ஆண்டு லோகேஸ்வரிக்குப் போனஸ் கிடைக்கவில்லை. ரிங்கிட் எழுந்த ஆண்டும் கிடைக்கவில்லை. முதல் தடவை சொன்ன காரணத்தை அவள் நம்பினாள். இரண்டாம் தடவை கேள்வி கேட்டாள். கம்பெனி அவளை மதிக்கத் தொடங்கியது அப்போதுதான். அவளுடைய கஷ்டம் தொடங்கியதும் அப்போதுதான்.

மலேசியாவில், கிள்ளானைத் தாண்டிக் காப்பார் போகும் சாலையில் இருக்கும் ஹெல்ஸ்ட்ராண்ட் மெடிக்கல் தொழிற்சாலையில் அவள் லைன் லீடர். நோயாளிகளின் உடம்புக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களை அங்கே செய்தார்கள். தலைமையகம் ஐரோப்பாவில் இருந்தது. குழாய்களை வாங்கியவர்கள் அமெரிக்கர்கள். ஆகவே கம்பெனி யூரோவில் யோசித்தது, டாலரில் விற்றது, ரிங்கிட்டில் சம்பளம் கொடுத்தது. இந்த மூன்று பணங்களும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும்போது அடி யார்மேல் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு தனி இலாகாவே இருந்தது.

ரிங்கிட் விழுந்த ஆண்டு, தீபாவளிக்கு முன்னால், மனிதவள அலுவலகத்து ஷாமினி கேன்டீன் சுவரில் அறிவிப்பை ஒட்டினாள். நல்ல பெண். அறிவிப்பு ஒட்டும் நாள்களில் மட்டும் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள்.

"கம்பெனி டாலர்ல பெரிய கடன் வாங்கியிருக்கு அக்கா. வெள்ளி விழுந்ததால கடன் பெருசாயிடுச்சு. அதான் நட்டம்" என்றாள். தொழிற்சாலையில் ரிங்கிட்டை எல்லாரும் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

"யார்கிட்ட வாங்குன கடன்?"

"ஹெட் ஆபீஸ்கிட்ட."

"அப்ப நமக்கு நட்டம்னா அவங்களுக்கு லாபம்தானேமா?"

ஷாமினி மேலிடத்தில் விசாரித்துவிட்டு மறுவாரம் வந்தாள். "இல்லையாம் அக்கா. ரெண்டும் ஒரே கம்பெனியாம். சேர்த்துப் பார்த்தா லாபமும் இல்ல, நட்டமும் இல்லையாம்."

"அப்ப போனஸ்?"

"போனஸுக்கு மட்டும் தனியா பார்ப்பாங்களாம்."

லோகேஸ்வரி தலையாட்டினாள். படித்தவர்கள் பார்க்கும் விதத்தில் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதே மாதம் கேன்டீனில் தே தாரிக் என்ற பால் தேநீர் இருபது காசு ஏறியது. பால்மாவு டாலரில் வருகிறதாம்.

அடுத்த ஆண்டு ரிங்கிட் ஏறத் தொடங்கியது. செய்தியில் தினமும் நல்ல வார்த்தையாகச் சொன்னார்கள். லைனில் அவளுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் மார்க்கிரட், இந்தத் தடவை போனஸ் நிச்சயம் என்று எல்லாருக்கும் காரிப்பாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். தே தாரிக் மட்டும் இறங்கவில்லை. கேட்டதற்கு, பால்மாவைப் பழைய விலையிலேயே முன்கூட்டி வாங்கிப் பூட்டிவிட்டதாகவும், அது தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகச் செய்தது என்றும் சுவரில் ஒட்டினார்கள்.

லோகேஸ்வரிக்கு அந்த ஆண்டுப் போனஸ் தேவையாக இருந்தது. அவளும், போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டும் அவள் கணவன் வாசுவும் மேருவில் ஒரு அடுக்குமாடி ஃபிளேட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கல்யாணமான மறுவருடம் குடிவந்த வீடு. வீட்டுக்காரர் லிம் அங்கிள், பினாங்கில் மகனோடு போய் இருக்க முடிவு செய்து, வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். "உனக்குத்தான் முதல்ல கேட்கிறேன். டெபாசிட் மட்டும் கட்டு, மீதியை பேங்க்ல பார்த்துக்கலாம்" என்றார். டெபாசிட்டுக்கு அவர்கள் சேர்த்து வைத்திருந்ததோடு போனஸும் வந்தால் சரியாக இருக்கும்.

செப்டம்பரில் ஷாமினி யார் முகத்தையும் பார்க்காமல் கேன்டீனுக்குள் வந்தாள்.

"வெள்ளி ஏறிடுச்சு அக்கா. அமெரிக்காக்காரன் குடுக்குற டாலரை மாத்தினா கம்மியா வருது. அதனால நட்டம்."

லோகேஸ்வரி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "இறங்கினாலும் நட்டம், ஏறினாலும் நட்டம். எப்பதான்மா லாபம்?"

ஷாமினி நல்ல பெண் என்பதால் அந்தக் கேள்வியை அப்படியே மேலே அனுப்பினாள். மேலிடம் மகிழ்ந்துபோனது. ஒரு தொழிலாளி நாணயத்தைப் பற்றிச் சிந்தித்திருக்கிறாள். கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகத்தில் நடக்கும் நாணய விழிப்புணர்வு நாளுக்கு அவளை அழைத்தார்கள். அன்றைக்கு அரை நாள் சம்பளம் பிடித்துக்கொள்ளப்படும் என்று அழைப்பின் அடியில் போட்டிருந்தது.

"போய்க் கேளு" என்றான் வாசு. "அவங்களும் மனுஷங்கதானே. வீட்டு விஷயத்தையும் சொல்லு."

கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளைக் குனிந்து பார்க்கும் உயரத்தில் இருந்தது அந்த அலுவலகம். நாணயப் பிரிவின் மேலாளர் நிர்மலன் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அவருக்கு முந்திய மூன்று தலைமுறையும் அரசாங்க வேலை. மெதுவாகப் பேசுவார். தன் வேலையை உண்மையாகவே நேசித்தார்.

நண்பகலானதும் யாரோ மணி அடித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து, அன்றைய டாலர் விலையையும் யூரோ விலையையும் நான்காவது தசமம் வரை வாசித்தாள். எல்லாரும் ஒரே குரலில் "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாத லோகேஸ்வரி, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோலக் கையைக் கூப்பிக்கொண்டாள். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு நிர்மலன் அவளை உட்காரவைத்து விளக்கினார்.

"நாங்கள் சும்மா இருக்கிறதில்லை அக்கா. வாறவருஷம் அமெரிக்காவிலிருந்து வரப்போற டாலரை, விலை கூட இருக்கேக்கையே பேங்குக்கு வித்திட்டம். இதுதான் ஹெட்ஜ். இனி வெள்ளி ஏறினாலும் எங்களுக்குப் பயமில்லை. விளங்குதா?"

"விளங்குது சார். அப்ப நட்டம் இல்ல."

"இல்லை. லாபம். இருபது மில்லியனுக்குக் கிட்ட."

லோகேஸ்வரி நாற்காலியை முன்னால் இழுத்தாள். "அப்ப எங்க போனஸ்…"

"அந்த லாபம் இன்னும் லாபம் ஆகேல்லை. அதை ரிசர்வ் எண்டு ஒரு இடத்தில வைச்சிருக்கிறம். அந்தக் குழாயெல்லாம் செய்து, கப்பலில ஏத்தி, வித்து முடிக்கேக்கைதான் கணக்குக்கு வரும்."

"எங்களுக்குச் சொன்ன நட்டம் எங்க இருக்கு சார்?"

"அது ஹெட்ஜ் பண்ணாத பகுதி. அது உடனே கணக்குக்கு வந்திடும்."

"லாபம் மட்டும் காத்திருக்கும். நட்டம் காத்திருக்காது."

"கச்சிதமாச் சொன்னீங்கள்" என்றார் நிர்மலன். அவர் கேலி செய்யவில்லை.

அவள் வீட்டு விஷயத்தைச் சொன்னாள். லிம் அங்கிள் மாதக் கடைசி வரைதான் பொறுப்பார் என்றாள். போனஸையும் இந்த மாதிரி ஏதாவது செய்து முன்கூட்டிப் பாதுகாக்க முடியாதா என்று கேட்டாள். நிர்மலன் எழுதப் பேனாவை எடுத்தார்.

"கட்டாயம் நடக்கும் எண்டு உறுதியாக் காட்டக்கூடியதைத்தான் ஹெட்ஜ் பண்ண விதி இடங்குடுக்கும். உங்கட போனஸ் போனவருஷம் நடந்ததா?"

"இல்ல சார்."

"இந்தவருஷம்?"

"அதைத்தான் கேட்க வந்தேன்."

"நடக்கேல்லை. அப்ப வாறவருஷம் கட்டாயம் நடக்கும் எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

மாலையில் அவளுக்கு நாணய விழிப்புணர்வுத் தூதர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரயிலில் வரும்போது அதைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். எதிரில் இருந்த ஒரு கிழவர் "பட்டமளிப்பாம்மா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

லிம் அங்கிள் மாதக் கடைசி வரை பொறுத்தார். அதற்கு மேலும் இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு செலாயாங்கில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் முழுத் தொகையோடு வந்தார். விற்றுவிட்டு, அங்கிள் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "சாரி லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த விவகாரத்தில் யாராவது வருத்தம் தெரிவித்தது அந்த ஒரு தடவைதான்.

தீபாவளி வாரத்தில் வீடு மாறினார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகள். பழைய அலமாரி படிக்கட்டில் திரும்பவில்லை. வாசு அதை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு சிகரெட் பிடித்தான். லோகேஸ்வரி படியில் உட்கார்ந்து அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்தது கோபம். யார்மேல் என்று முகம் தெரியாத கோபம்.

அடுத்த வாரமே அதற்கு ஒரு முகம் கிடைத்தது.

வட்டார நிதித் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற கமலநாதன், தொழிற்சாலைக்கு வந்தார். கேன்டீனில் மேடை போட்டார்கள். எல்லாருக்குமாக ஆங்கிலத்தில் பேசி முடித்த பிறகு, தமிழர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள் என்றார். மேடையை விட்டு இறங்கி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நானும் உங்கள்ல ஒருத்தன்தான். பந்திங் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பொறந்தவன். எங்கப்பா பால்மரம் வெட்டுனாரு. அதனால கஷ்டம்னா என்னன்னு எனக்குத் தெரியும். அதை விட்டு எவ்வளவு தூரம் வந்துட்டேன்னும் தெரியும். இந்த வருஷம் நாம எல்லாரும் சேர்ந்து ஒரு தியாகம் பண்ணியிருக்கோம். நீங்க போனஸைத் தியாகம் பண்ணீங்க. அந்த முடிவை எடுக்கிற வேதனையை நாங்க தாங்கிக்கிட்டோம்."

சிலர் கைதட்டினார்கள். லோகேஸ்வரி எழுந்தாள்.

"டத்தோ, மேனேஜருங்களுக்கும் போனஸ் இல்லையா?"

"நல்ல கேள்வி. ஒளிக்க ஒண்ணுமில்ல. அவங்களுக்கு உண்டு."

கைதட்டல் நின்றது. டத்தோ புன்னகையோடு தொடர்ந்தார்.

"ஏன்னு சொல்றேன். மேனேஜர் போனஸைக் கான்ஸ்டன்ட் கரன்சியில பார்க்கிறோம். அதாவது வெள்ளி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லன்னு வச்சுக்கிட்டு. வெள்ளி ஏறுறதும் இறங்குறதும் மேனேஜர் கையிலயா இருக்கு? தன் கையில இல்லாத விஷயத்துக்கு ஒருத்தரைத் தண்டிக்கிறது நியாயம் இல்ல. இதுல கம்பெனி ரொம்பக் கறாரா இருக்கு."

"எங்க கையில இருக்கா டத்தோ?"

டத்தோ இதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "நேரடியா இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க வெள்ளியில சம்பாதிக்கிறீங்க, வெள்ளியில செலவு பண்றீங்க. உங்களுக்கு நாணய ஆபத்தே கிடையாது. எங்க பாஷையில அதுக்கு நேச்சுரல் ஹெட்ஜ்னு பேரு. கம்பெனி அவ்வளவு செலவு பண்ணியும் அதை முழுசா வாங்க முடியல. உங்களுக்கு இலவசமா கிடைச்சிருக்கு. என் மகன் லண்டன்ல படிக்கிறான். பவுண்டு ஏறுற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கம் போயிடுது. உண்மையைச் சொன்னா, உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

லோகேஸ்வரி உட்கார்ந்துவிட்டாள். மார்க்கிரட் தலை குனிந்தபடி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மாதா கோயிலில் பாடுகிறவள் அவள்.

புறப்படுமுன் டத்தோ ஒரு உதவி கேட்டார். ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவுக்குப் பெரிய சரக்கு ஒன்று போக வேண்டும். அதற்குச் சனிக்கிழமைகளில் ஓ.டி. செய்ய வேண்டும். கட்டாயம் இல்லை, விருப்பம் இருப்பவர்கள் பெயர் எழுதலாம். "விருப்பம்" என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார்.

பெயர் எழுதும் தாள் முதலில் லோகேஸ்வரியிடம்தான் வரும். லைன் லீடர் எழுதினால் மற்றவர்கள் எழுதுவார்கள். அன்று சாயங்காலம் அவள் தாளைப் பார்த்தாள், பேனாவை மூடினாள்.

"நான் வரல" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மார்க்கிரட் எழுதவில்லை. அடுத்த லைன் எழுதவில்லை. மலாய்க்கார அக்காமார்கள் என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு அவர்களும் எழுதவில்லை. நேப்பாளத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்குத்தான் பயம். ஹாஸ்டலும் பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம் இருந்தன. அவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். ஆனால் இத்தனை பேர் இல்லாமல் லைன் ஓடாது. ஆகவே உட்கார்ந்து ஃபோன் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் கெஞ்சினார். பிறகு மிரட்டினார். பிறகு கேன்டீனில் இலவசமாக நாசி லெமாக் சோறு போட்டார். வேலை நாள்களில் எல்லாரும் ஒழுங்காக வந்தார்கள், நாசி லெமாக்கைச் சாப்பிட்டார்கள், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். சட்டப்படி யாரையும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

டிசம்பரில் கப்பல் சரக்கு இல்லாமலே புறப்பட்டது. கன்டெய்னர் எடுக்க வந்த வாசுவின் லோரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார்கள். அவன் வழியில் ஃபோன் பண்ணி, "என்னடி பண்ணிவச்சிருக்கே" என்றான். குரலில் பயமும் இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டு வாரத்தில் அமெரிக்காக்காரன் ஆர்டரையே ரத்து செய்துவிட்டான்.

ஜனவரியில் ஷாமினி வந்து, "அக்கா, கே.எல்.லேருந்து ஆள் வந்திருக்கு. உங்களைக் கூப்பிடுறாங்க" என்றாள். லோகேஸ்வரி லாக்கரைத் திறந்து கோப்பை, சிலிப்பர், சாமி படம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

அறையில் நிர்மலன் மட்டும் இருந்தார். சரியாகத் தூங்காதவர்போல இருந்தார்.

"அக்கா, அந்த ரிசர்வ் எண்டு சொன்னனே, ஞாபகம் இருக்கா? சரக்கு வித்தாத்தான் லாபம் கணக்குக்கு வரும் எண்டு?"

"சரக்கு போகல சார். தெரியும். எவ்வளவு போச்சு?"

"ஒண்டும் போகேல்லை. அந்த வியாபாரம் இனி நடக்கவே நடக்காது எண்டு ஆயிட்டுது. நடக்காது எண்டால் ரிசர்வில காத்திருக்க ஏலாது. முழு லாபமும் ஒரே நாளில கணக்குக்கு வந்திட்டுது. இதுவரைக்கும் இந்தத் தொழிற்சாலை இவ்வளவு லாபம் காட்டினதில்லை."

லோகேஸ்வரி பையைத் தரையில் வைத்தாள்.

"நாங்க வேலை செய்யாததாலயா?"

நிர்மலன் ஜன்னலைப் பார்த்தார். "விதிப்படி பார்த்தால், ஓம்."

அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. இருபது வருடம் மணி அடித்து எழுந்து நின்றவர். முதல் தடவையாகத் தன் சாமியைச் சந்தேகப்பட்டதுபோல நின்றுகொண்டிருந்தார்.

டத்தோ கமலநாதன் மறுபடியும் வந்தார். மறுபடியும் சட்டைக் கையை மடித்தார். அருமையான ஆண்டு என்றார். மேனேஜர் போனஸை இந்தத் தடவை கான்ஸ்டன்ட் கரன்சியில் பார்க்கவில்லை, உள்ளபடி வந்த லாபத்தில் பார்க்கிறோம் என்றார். "கமிட்டி ஆழமா ஆராய்ஞ்சது. உள்ளதை உள்ளபடி பார்க்கிறதுதான் நேர்மைன்னு முடிவாச்சு."

"எங்களுக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"உங்களோட உணர்வு எனக்குப் புரியுது. ஆனா இந்த லாபம் உங்க உழைப்புல வந்ததில்ல. உழைக்காத பணத்தைக் குடுத்து உங்களை அவமானப்படுத்த நான் விரும்பல."

லோகேஸ்வரி எழுந்தாள்.

"உண்மைதான் டத்தோ. உழைச்சு வந்ததில்ல. உழைக்காம இருந்ததுல வந்தது. ஆனா உழைக்காம இருந்தது நாங்கதான். சம்பளத்துல ஓ.டி. இல்லாம, வாடகைக்குக் கடன் வாங்கி, ரெண்டு மாசம் உழைக்காம இருந்தோம். நீங்க அதைக்கூடச் செய்யல."

டத்தோ இதையும் நியாயமாகவே எடுத்துக்கொண்டார். "சுவாரசியமான கருத்து. ஆனா உழைக்காம இருந்ததைப் பதிவு பண்ண நம்ம சிஸ்டத்துல இடமில்லையே" என்றார். பிறகு, வரும் சனிக்கிழமையிலிருந்து ஓ.டி. மறுபடியும் தொடங்கும் என்றும், புதிய வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார் என்றும், அவருடைய டாலரை முன்கூட்டியே விற்றாகிவிட்டது என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தாள் லோகேஸ்வரியிடம் வந்தது. அவள் எழுதவில்லை. வெற்றுத் தாள் எல்லா லைனையும் சுற்றி வெற்றுத் தாளாகவே திரும்பிப் போனது. மூன்றாம் சனிக்கிழமை நேப்பாளப் பையன்களும் ஹாஸ்டலை விட்டு வெளியே வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னார்களாம், எல்லாருமே.

பிப்ரவரியில் அரை மாதச் சம்பளம் கூடுதலாக வந்தது. சுவரில் அறிவிப்பு ஒன்றும் ஒட்டவில்லை. டத்தோவும் வரவில்லை. ஷாமினி ஒரு கட்டுத் தாளோடு லைனுக்கு வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். இம்முறை அவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"இதை போனஸ்னு எழுத முடியாதாம் அக்கா. அப்புறம் அடுத்த வருஷமும் கேட்பீங்கன்னு பயம்" என்று தணிந்த குரலில் சொன்னாள். "எந்தக் கணக்குல போடுறதுன்னு கே.எல்.ல ஒரு வாரம் மீட்டிங். கடைசில நாணய நட்டம்னு எழுதிட்டாங்க."

"எங்க வீடு அதே கணக்குலதான்மா போச்சு" என்றாள் லோகேஸ்வரி.

தாள் மலாயில் இருந்தது. இன்ன தொகையை நன்றியுடன் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி, கீழே கையெழுத்துக்குக் கோடு. லோகேஸ்வரி அதை நின்றபடியே படித்தாள். நன்றி என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்து, தாள் கிழியாத அளவுக்கு அழுத்தி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அடித்தாள். அடியில் கையெழுத்துப் போட்டாள்.

"பேனாவைக் குடு" என்றாள் மார்க்கிரட்.